தொடும் கையும் தீர்க்கும் மருந்தும்

கையை வைத்தால் நோய் தீரும் என்று ஒருவர் சொன்னால் நம்மில் சிலர் நகைக்கிறோம். சிலர் உடனே நம்பிவிடுகிறோம். இரண்டுமே அவசரம். சற்று ஆராய்வோம்.

ஜப்பான் நாட்டு மிகாவோ உசுயி (1865–1926) என்பவர், 1922-ஆம் ஆண்டு கியோட்டோவுக்கு அருகிலுள்ள குராமா மலையில் 21 நாட்கள் நோன்பிருந்தபின் 'ரெய்கி' முறையைத் தொடங்கினார் என்பர். நோயாளியின்மேல் கைகளை மெல்ல வைத்து உயிர்ச்சக்தியைப் பாய்ச்சுவதாகச் சொல்லும் முறை இது. இன்று மேல்நாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில், புற்றுநோயாளருக்குச் சிகிச்சையோடு துணையாக இதனையும் அளிக்கின்றனர்.

அத்தகைய சக்தி உண்டா? எந்தக் கருவியும் அதனை அளந்து காட்டவில்லை. இதையொத்த 'தெரப்யூட்டிக் டச்' முறையை எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி தன் 9-ஆம் வயதில் சோதித்தாள். தடுப்புக்குப் பின்னால், அம்முறையினரின் எந்தக் கைக்கு மேல் தன் கை இருக்கிறது என்று கேட்டாள். 21 பேர் 280 முறை சொன்னதில் 123 முறையே சரி. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் பாதி சரியாகுமன்றோ! 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் இதனை வெளியிட்டது. கேள்வி கேட்க வயது தடையில்லை என்பதை மாணவியராகிய நாம் மனத்தில் கொள்வோம்.

அப்படியானால் நோயாளிகள் பெறும் ஆறுதல் பொய்யா? அன்று. கீமோதெரபி மருந்து ஏறும் நீண்ட நேரத்தில், பரிவோடு ஒருவர் அருகில் அமர்ந்திருந்தால் அச்சம் தணியத்தானே செய்யும்? நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். தொடும் கை நான்காவதைச் சேர்ந்தது. அது மூன்றாவதன் இடத்தைப் பிடிப்பதே ஆபத்து. மாற்று முறையை மட்டுமே நாடிய புற்றுநோயாளரின் மரண அபாயம், முறையான சிகிச்சை பெற்றோரைவிட 2.5 மடங்கு என்று 2018-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

2009-இல் அமெரிக்க ஆயர்கள், ரெய்கிக்கு அறிவியல் ஆதாரமும் இல்லை, கிறிஸ்தவ நம்பிக்கையிலும் அதற்கு இடமில்லை எனக் கூறி, கத்தோலிக்க நிறுவனங்கள் அதனை ஆதரிப்பது தகாது என்றனர்.

ஆயினும், ரெய்கியை நாடும் நோயாளி நம்மிடம் ஒன்றைக் கேட்கிறார்: "என் அருகில் யார் இருக்கிறீர்கள்?" நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்து உடனிருந்தும் பேணினான். மருந்தும் தந்தான், தன்னையும் தந்தான்.

நம் வீட்டிலோ தெருவிலோ புற்றுநோயாளர் இருப்பின், மருத்துவர் குறித்த நாளில் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வோம். திரும்பி வந்ததும் அவர் கையைப் பற்றி, சற்று நேரம் அமர்ந்து செபிப்போம். இதற்குப் பட்டமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அன்பு ஒன்றே போதும்.