டாக்டர் பெயரைக் கூகுளில் தேடினால் வரும் 'எச்-இண்டெக்ஸ்': அந்த எண்ணை நம்பலாமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் என்றால், தானா ராத்தா மருத்துவமனையிலிருந்து ஈப்போ போன்ற ஊருக்கு மலை இறங்குவது வழக்கம். கத்தி வைக்கப் போகிறவர் யார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கூகுளில் தட்டிப் பார்க்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் 180, மேற்கோள்கள் 4,000, எச்-இண்டெக்ஸ் 32 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். "பெரிய டாக்டர்தான், பயப்படாதீங்கப்பா" என்று சொல்லிவிடலாமா?

மேற்கோள் என்பது, ஒருவரின் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிடுவது. எச்-இண்டெக்ஸை 2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். எச்-இண்டெக்ஸ் 32 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 32 முறை மேற்கோள் பெற்ற 32 கட்டுரைகள் இருக்கின்றன என்று பொருள். இந்த எண் ஏறுமே தவிர, பொதுவாக இறங்காது. அதனால் வயதில் மூத்தவருக்கு எப்போதும் சாதகம். ஒரு கட்டுரையில் பத்துப் பேர் பெயர் இருந்தால் பத்துப் பேருக்கும் முழுக் கணக்கு. துறைத் தலைவர் பெயர் எல்லாக் கட்டுரையிலும் இருந்தால்? கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

'உலகின் தலைசிறந்த 2% விஞ்ஞானிகள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலும் மேற்கோள் கணக்குதான். ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஐயோனிடிஸ் குழு, ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிக்கிறது. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதை நீக்கியும் அதில் கணக்கு இருக்கிறது. முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா என்றும் பார்க்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து எத்தனை பேர் நலமாக வீடு திரும்பினார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அதில் இடமில்லை.

மூச்சுக்குழாய் ஏமாற்றிய கதை

அதற்குப் பாவ்லோ மக்கியாரினியே சாட்சி. 2011ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், நோயாளியின் ஸ்டெம் செல்களைப் பூசிய பிளாஸ்டிக் மூச்சுக்குழாயைப் பொருத்தினார். அதே ஆண்டு 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. உலகமே கொண்டாடியது, மேற்கோள்கள் குவிந்தன. ஆனால் ஸ்வீடனில் அவர் இதைப் பொருத்திய மூன்று நோயாளிகளும் பின்னர் இறந்துபோனார்கள். கூடவே வேலை பார்த்த டாக்டர்கள்தான் 2014ல் புகார் கொடுத்தார்கள். 'லான்செட்' கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2018ல். 2023ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. "இந்தச் சிகிச்சை தவறு" என்று எழுதுகிறவர் காட்டும் மேற்கோளும் கணக்கில் 'ஒன்று' என்றே ஏறும்.

கோவையில் பிறந்த மதிப்பெண்

அப்படியென்றால் மேற்கோள் எல்லாமே வீணா? இல்லை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு 2006ல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். விபத்தில் எலும்பு உடைந்து, தோலும் சதையும் பிய்ந்து வருகிறவரின் காலைக் காப்பாற்ற முயல்வதா, எடுத்துவிடுவதா? பழைய கஸ்டிலோ வகைப்பாட்டில் '3பி' என்ற ஒரே பெட்டிக்குள் லேசான காயமும் மோசமான காயமும் சேர்ந்தே கிடந்தன. கோவைக் குழு தோல், எலும்பு, தசை-நரம்பு என்று தனித்தனியாக 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்தது. சர்க்கரை நோய் போன்றவை இருந்தால் கூடுதலாக 2. மொத்தம் 14க்குள் இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17ஐத் தொட்டால் அகற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். நடுவில் இருந்தால் டாக்டரின் அனுபவம்தான் முடிவு செய்யும். பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதுவும் இல்லாமல், ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வந்த இந்த 'கங்கா ஸ்கோரை' மற்ற நாட்டு மருத்துவர்களும் தங்கள் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து எழுதினார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மேற்கோள்தான். ஒன்றில் ஆச்சரியத்தை எண்ணினார்கள், மற்றதில் பயன்பாட்டை. இந்த வித்தியாசம் எச்-இண்டெக்ஸில் தெரியாது. கட்டுரையைத் திறந்து, மேற்கோள் காட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இந்த எண்கள் மேல் ஆசை அதிகம். கியூஎஸ் தரவரிசையில் மேற்கோளுக்கு மட்டும் 20% மதிப்பு. அந்த அவசரத்தை அறுவை அரங்குக்குள் கொண்டுபோக வேண்டியதில்லை. மலேசியாவில் தேசிய நிபுணர் பதிவேட்டில் டாக்டரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அப்புறம் அவரிடமே கேட்கலாம்: "இதே ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க டாக்டர்? சிக்கல் வந்தா என்ன செய்வீங்க?" சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்க அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் கேட்கலாம்.