பெட்டிக்கு வாடகை யார் தரணும்?

போன மாத இதழில் "தேனீயைப் போல் சுறுசுறுப்பாக இரு" என்று ஒரு துணுக்கு வந்திருந்தது. அந்தத் தேனீக்கு நம்ம ஊரில் என்ன மரியாதை கிடைக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் என் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

ஆடி மாசம் வந்தால் தென்காசிப் பக்கம் சூரியகாந்தியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கார் போட்டு வருகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள், நாலு செடியை மிதிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். (அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்!) பூ எவ்வளவு அழகு என்பது அவர்கள் கவலை. உள்ளே மணி பிடித்திருக்கா என்பது நம்ம கவலை.

சூரியகாந்தி ஒரே பூ இல்லை. ஒரு கொண்டைக்குள் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் இருக்கு. வெளி வட்டத்தில் தொடங்கி நாளுக்குக் கொஞ்சமாக உள்ளே பூத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு குட்டிப் பூவுக்கும் வேறு செடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் மணி நன்றாகப் பிடிக்கும். இல்லாவிட்டால் தோல் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதுதான் பொக்கு. மகரந்தம் பிசுபிசுப்பாக இருப்பதால் காற்று தூக்கிக்கொண்டு போகாது. தேனீதான் வரணும்.

தேனீ வராவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வேளாண்மைத் துறை வழி சொல்லியிருக்கிறது. காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு வாரம், ஒவ்வொரு கொண்டையையும் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கணும். நானும் அக்காவும் ஒரு வருசம் செய்தோம். கை முழுக்க மஞ்சள், இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துக்கும் லீவு. அந்த வேலையைத் தேனீ சம்பளம் கேட்காமல் செய்கிறது.

மார்த்தாண்டம் பக்கம் என் மாமா பெட்டியில் தேனீ வளர்க்கிறார், ரப்பர்த் தோட்டத்துக்குள். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? இலைக்காம்பில், மூன்று இலை பிரிகிற இடத்தில், இனிப்பு நீர் சுரக்கும். தேனீ அதைத்தான் எடுக்கும். மாசி, பங்குனியில் கொழுந்து இலை வரும்போது தேன் கொட்டும். மழைக்காலம் வந்ததும் ஒன்றுமே கிடைக்காது. மாமா சீனிப் பாகு காய்ச்சி ஊற்றித்தான் தேனீயைக் காப்பாற்றுவார். அங்கே தேனீ பட்டினி கிடக்கிற அதே மாசத்தில்தான் இங்கே சூரியகாந்தி பூக்கிறது! அதனால் போன ஆடியில் அம்மா சொல்லி, மாமா நாலு பெட்டியை ராத்திரியோடு ராத்திரியாக வேனில் கொண்டுவந்தார். சீசன் காற்று அடிக்காத மறைவில், வேப்பமர நிழலில், எறும்பு ஏறாமல் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்து நிறுத்தினார்.

இரண்டாவது நாளே பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா வந்துவிட்டார். "என் பூவுல உள்ள தேனைத்தானே உம்ம ஈ எடுக்குது? எனக்கு வாடகை வேண்டாமா?" மாமா சிரித்துவிட்டு ஒரு பாட்டில் தேன் தருவதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் கொண்டையில் புழு விழுந்தது. அப்பா காலை எட்டு மணிக்கே டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடித்தார். தேனீ பூவில் நிறைய இருக்கிற நேரமே அதுதான். மத்தியானம் இரண்டு பெட்டியின் வாசலில் தேனீ குவியலாகச் செத்துக் கிடந்தது. சில இன்னும் தரையில் சுற்றிச் சுற்றி வந்தன. மாமா திட்டவில்லை. ஒரு பேப்பரில் அள்ளிக் கொட்டினார். "சொல்லியிருந்தா நேத்து ராத்திரியே பெட்டிய மூடியிருப்பேனே அத்தான்" என்று மட்டும் சொன்னார். அப்பாவும், "புழு விழுந்துருச்சு மாப்ள, நான் என்ன செய்ய?" என்றார். மாமா மிச்சம் இருந்த இரண்டு பெட்டியோடு ஊருக்குப் போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மருந்தடித்தாலும் அந்தப் புழு செத்திருக்கும். புழு எங்கேயும் போகப் போவதில்லை. தேனீ மட்டும் வீட்டுக்குப் போயிருக்கும்.

என் கருத்து இதுதான். பெட்டி வைக்கிறவர் வாடகை தரக்கூடாது, தோட்டக்காரர்தான் தரணும். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பாதாம் தோட்டக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பிப்ரவரியில் பூக்கும்போது மற்ற மாநிலங்களிலிருந்து லாரி லாரியாகப் பெட்டி வரும். ஏக்கருக்கு 2 பெட்டி, பெட்டிக்குச் சுமார் 200 டாலர் வாடகை. நம்ம ஊரில் சூரியகாந்திக்குச் சொல்கிற ஹெக்டேருக்கு 5 பெட்டியும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆனால் எல்லாவற்றையும் அவர்களைப் பார்த்துச் செய்யணும் என்று சொல்லவில்லை. அத்தனை பெட்டியை ஒரே இடத்தில் சேர்த்தால் நோயும் சேர்ந்து பரவும். 1991-க்குப் பிறகு தெற்கே வந்த வைரஸ் நோயில் எத்தனையோ பெட்டி காலியானதை மாமா இன்னும் சொல்லுவார்.

"தேனும் எடுப்பார், வாடகையும் வாங்குவாரா?" என்று என் வகுப்பிலேயே ஒருத்தன் கேட்டான். டிராக்டருக்கு வாடகை தருகிறோம், அறுப்பு மெஷினுக்கு மணிக்கணக்கில் தருகிறோம். மணி பிடிக்க வைக்கிறவருக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கணும்? கலிபோர்னியா அளவுக்கு வேண்டாம், வேன் கூலியாவது தரலாமே. மருந்தடிப்பதற்கு முதல் நாள் ஒரு போன் பண்ணலாமே. பணம் கொடுத்து வைத்த பெட்டி என்றால் அந்த ஞாபகம் தானாக வரும். சும்மா வந்த பொருளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நெல், சோளம் போட்டவர்கள் கோபப்பட வேண்டாம், அதற்குக் காற்றே போதும். பூசணி, வெள்ளரி, பாகல் போட்டவர்கள் யோசிக்கணும்.

அறுவடையின்போது நானும் அக்காவும் வேப்பமரப் பக்கம் பத்துக் கொண்டை, தூரத்து ஓரத்தில் பத்துக் கொண்டை எடுத்து, ஒவ்வொரு கைப்பிடி விதையை நசுக்கிப் பார்த்தோம். மரத்துப் பக்கம் பொக்கு குறைவு. (இது முறையான சோதனை இல்லை என்று அறிவியல் சார் சொல்லுவார். ஒத்துக்கொள்கிறேன்.) அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

இந்த ஆடிக்கு வருவீங்களா என்று மாமாவுக்குப் போன் பண்ணினேன். "உங்கப்பாவக் கூப்பிடச் சொல்லு" என்றார். அப்பா இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் மருந்து டேங்க் தொங்குகிற சுவரில் சாக்பீஸால் "சாயங்காலம் 6 மணி" என்று எழுதி வைத்தேன். மூன்று வாரம் ஆச்சு, அதை யாரும் அழிக்கவில்லை.

– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி