டம்ளர் எங்கே இருக்கிறது?

மேஜையின்மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் இருக்கிறது. கையை நீட்டி எடுத்துக் குடிக்கிறோம். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்.

டம்ளரின் உருவம் நம் விழித்திரையில் விழுகிறது. விழியோ சும்மா இருப்பதில்லை. விநாடிக்கு ஏறக்குறைய 3 முறை தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் உருவம் விழித்திரையில் இடம் மாறிவிடுகிறது. ஆயினும் டம்ளர் அசையாமல் நிற்பதாகவே காண்கிறோம். எப்படி?

வலக் கண்ணை மூடிக்கொண்டு, இடக் கண்ணின் வெளிக்கோடியில் இமையின்மேல் விரலால் மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். (கண்ணோய் உள்ளவர்கள் செய்ய வேண்டாம்.) என் மாணவர்கள் இதைச் செய்தவுடன், "ஸார், கரும்பலகை நகர்கிறது!" என்று கூவுவார்கள். விழி தானே திரும்பும்போது நகராத பலகை, விரல் தள்ளும்போது மட்டும் ஏன் நகர வேண்டும்?

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு விடை தேடினார். 1950-ல் ஜெர்மனியில் ஹோல்ஸ்ட், மிட்டல்ஸ்டேட் இருவரும், அமெரிக்காவில் ஸ்பெர்ரியும், தனித்தனியே ஆராய்ந்து அதைத் தெளிவாக்கினார்கள். உத்தரவை அனுப்பும் குமாஸ்தா ஒரு நகலைக் கட்டில் வைத்துக்கொள்வதுபோல, விழிக்கு இட்ட கட்டளையின் நகலை மூளையும் வைத்துக்கொள்கிறது. உருவம் நகர்ந்த அளவில் விழி திரும்பிய அளவைக் கழித்தால் மிச்சம் பூஜ்யம், பலகை நிற்கிறது. விரல் தள்ளும்போது கட்டளையும் இல்லை, நகலும் இல்லை. பழி பலகையின்மேல் விழுகிறது!

விழித்தசைகளிலிருந்தும் மூளைக்குச் செய்தி வருகிறது என்பது இங்கிலாந்தின் ஷெரிங்டன் கொண்ட கருத்து. அச்செய்தி மூளையின் ஸ்பரிச உணர்வுப் பகுதியில் பதிவாவதை 2007-ல் குரங்குகளிடம் கண்டார்கள். ஆக, இரண்டு சாட்சிகள்.

சாட்சியம் பிழைத்தால்? வலக் கண்ணை வெளிப்புறம் திருப்பும் தசை திடீரென வலுவிழந்த ஒருவரை, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கத்து டம்ளரைச் சட்டென்று தொடச் சொன்னால், கை டம்ளரைத் தாண்டிப் போய்விடும். பார்வை மங்கவில்லை, கையிலும் குறையில்லை. மூளை இட்ட கட்டளை பெரிது, விழி திரும்பியதோ கொஞ்சம். மூளை நகலையே நம்பி ஏமாந்துவிட்டது.

ஆகையால், வீட்டுப் பெரியவர் ஒருவர் திடீரென்று பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொன்னாலோ, டம்ளரை எடுக்கப் போய்க் கை தவறினாலோ, "கவனமில்லை" என்று கடிந்துகொள்ளாதீர்கள். அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.