புகையிலையும் பிரஷர் மாத்திரையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டால் கைக்கும் ஓய்வில்லை, காலுக்கும் ஓய்வில்லை. பட்டுப் பாவுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்க முடியுமா? வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, ஒரு துண்டுப் புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் வேலை பாட்டுக்கு நடக்கும்.

காஞ்சிபுரத்தில் புகையிலைப் பேச்சை எடுத்தாலே அது புற்றுநோயில்தான் போய் முடியும். காரப்பேட்டையில் அண்ணா பெயரில் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறதே! புற்றுநோய் வர ஆண்டுக்கணக்காகும். ஆனால் ரத்தக் குழாய் சுருங்கச் சில நிமிடங்கள் போதும்.

சுண்ணாம்பின் காரத்தன்மையால் நிக்கோட்டின் வாய்ச் சவ்வைத் தாண்டி விரைவாக ரத்தத்தில் கலக்கிறது. அது தானே போய்க் குழாயை நெரிப்பதில்லை, ஆளை ஏவிவிடுகிறது. நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினும், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலினும் கிளம்புகின்றன. குழாய்ச் சுவரிலுள்ள தசைச் செல்லின் ஏற்பிகளில் இவை ஒட்டியதும் உள்ளே கால்சியம் பெருகுகிறது. அது கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியை முடுக்கிவிட, மயோசின் இழை ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது. குழாய் இறுகுகிறது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, அதே அழுத்தத்தில் பாயும் ரத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதை ஈடுகட்ட அழுத்தம்தான் ஏறியாக வேண்டும். சிகரெட்டின் நிக்கோட்டின் சட்டென்று ஏறி இறங்கிவிடும். மெல்லும் புகையிலையோ நெடுநேரம் விடாது.

ரத்தக் கொதிப்புக்குப் பலரும் விழுங்கும் அம்லோடிபின் என்ன செய்கிறது? தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வழியை அடைக்கிறது. ஒரே வாயில் கால்சியத்தை ஏற்றிவிடும் சரக்கும் போகிறது, தடுக்கும் மாத்திரையும் போகிறது. நல்ல கூத்து!

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அருமையான திட்டம். மாத்திரை தருபவர் கூடவே ஒன்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்: வெற்றிலையோடு புகையிலை உண்டா, நாளைக்கு எத்தனை தடவை? 'சிகரெட், குடி உண்டா?' என்று மட்டும் கேட்டால் நெசவாளர் 'இல்லைங்க' என்பார். அது பொய்யும் அல்ல. பிரஷர் பார்க்கும்போது புகையிலையைத் துப்பி அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அம்லோடிபின் 5 மில்லிகிராம் போதவில்லை என்று 10 எழுதும் முன்பே இதெல்லாம் நடந்தாக வேண்டும்.