கியரை எண்ணாதேங்கோ, கையை நீட்டிப் பாருங்கோ

முப்பது வயதுக்குப் பிறகு "நான் திரும்பச் சைக்கிள் ஓடப்போறன்" எண்டு யாழ்ப்பாணத்தில ஒருத்தர் வாய்திறந்தால் போதும், இரண்டு கூட்டம் புத்திமதியோட வந்து நிக்கும். ஒண்டு, "மொத்த ரயர், முன்னுக்கு ஷொக், 21 கியர், அதை எடு மச்சான்" எண்டு சொல்லும். மற்றது, "கார்பன் பிறேம், மெல்லிய ரயர், ஒரு விரலால தூக்கலாம்" எண்டும். இரண்டுமே சைக்கிளைப் பற்றித்தான் கதைக்குதுகள். அதில ஏறி இருக்கப்போற ஆளைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

முதற் கூட்டத்திட்ட ஒரு கேள்வி. எந்த மலை ஏறப்போறியள்? எங்கட கீரிமலைக்குப் பேரில மட்டும்தான் மலை. தார் றோட்டில அந்த முள்ளு ரயர் உரஞ்சிக்கொண்டு போகும். எழும்பி மிதிச்சால் முன் ஷொக் அமுங்கி எழும்பி உங்கட பலத்தில ஒரு பங்கைத் தின்னும். 21 கியர் எண்டது முன்னுக்கு மூண்டு, பின்னுக்கு ஏழு, பெருக்கிச் சொன்ன கணக்கு. அதில கனக்க ஒண்டோடொண்டு ஒத்ததுகள். பருத்தித்துறை போய் வர மூண்டு நாலுக்கு மேல தேவைப்படாது.

இரண்டாவது கூட்டம் கொஞ்சம் படிச்ச கூட்டம். சர்வதேசப் போட்டிகளில 6.8 கிலோவுக்குக் குறைஞ்ச சைக்கிளை விடமாட்டினம் எண்டெல்லாம் சொல்லும். சரி, உங்கட நிறை 80 கிலோ. சைக்கிளில இரண்டு கிலோ குறைக்க ஒரு லட்சத்துக்கு மேல குடுக்கிறதோ? சமதரையில எங்களுக்கு எதிரி நிறையில்லை, காத்து. சோளகம் வீசேக்க பண்ணைப் பாலத்தால ஒருக்கா வேலணைப் பக்கம் மிதிச்சுப் பாருங்கோ. வளைஞ்ச ஹாண்டிலைப் பிடிச்சுக் குனியிறதின்ர அருமை அப்ப விளங்கும். அதால நான் ரோட் பைக்குக்கு எதிரான ஆள் இல்லை. எங்கட தரைக்கு அதுதான் தோது. ஆனா 23 மில்லிமீற்றர் ரயர் என்னத்துக்கு? 100 பி.எஸ்.ஐ. அளவில காத்தடிச்சு, ஒவ்வொரு கிடங்கிலயும் ரியூப் நசிஞ்சு, கிழமைக்கொருக்கா ஒட்டுப் போடவோ? போட்டிக்காரரே அதை விட்டு 28க்கு வந்திட்டினம். அவை கைவிட்டதை நாங்கள் 'றேசிங்' எண்டு காசு குடுத்து வாங்குறம்.

எனக்கு உண்மையில கோவம் வாறது சைஸ் விசயத்தில. கனக்கக் கடையில ஒரே சைஸ்தான் கிடக்கும். கேட்டால், "சீற்றை உயர்த்தினாச் சரி அண்ணை" எண்டு ஒரு பதில். சரியில்லை! சீற் உயரம் காலுக்கான கணக்கு. சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் இடையில உள்ள தூரம் பிறேமோட வாறது. ஸ்டெம்மை மாத்தி ஒண்டிரண்டு சென்ரிமீற்றர் சரிக்கட்டலாம், அவ்வளவுதான். பெரிய பிறேமில எட்டி எட்டிப் பிடிச்சால் கை விறைக்கும், கழுத்துக் கொழுவும். இரண்டு மாதத்தில சைக்கிள் விறாந்தையில சாத்தியிருக்கும். "வயது போட்டுது, இனி உடம்பு கேக்காது" எண்டு ஆள் தன்னைத்தானே நொந்துகொள்ளும். பிழை கடையில, பழி உடம்பில. பொம்பிளைப் பிள்ளையளுக்கு இன்னும் மோசம். ஐந்தடி இரண்டங்குலப் பிள்ளை ரோட் பைக் கேட்டால், கூடை வைச்ச லேடீஸ் சைக்கிளைக் காட்டுவினம். அவவின்ர சைஸில எடுத்து வைக்காதது கடை. ஆனா "பொம்பிளையள் இதெல்லாம் ஓடமாட்டினம்" எண்ட கதைதான் மிஞ்சும்.

அதால கடைக்குப் போனால் விலைக்கு முதல் ஏறி இருங்கோ. பெடல் ஆகக் கீழ நிக்கேக்க குதிக்காலை அதில வைச்சால் முழங்கால் நேராக வரவேணும். பிறேக் பிடிக்கு மேல கை வைக்கேக்க முழங்கை கொஞ்சம் மடிஞ்சிருக்கவேணும். பதினைஞ்சு நிமிசம் ஓட விடச் சொல்லுங்கோ. விடாட்டி இறங்கி வாங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை. பிறகு ரயருக்கும் பிறேமுக்கும் இடையில விரலை விட்டுப் பாருங்கோ, 28 ஓ 32 ஓ போக இடம் இருக்கவேணும். கரியரும் மட்காட்டும் பூட்ட ஓட்டை இருக்கோ? வேலைக்குப் போற ஆளுக்கு முதுகில பையைக் கட்டி வேர்க்கிறது தலைவிதி இல்லை.

பழசு எடுக்கிறியள் எண்டால் ரயரின்ர பக்கத்தில இருக்கிற நம்பரை வாசியுங்கோ. 622 எண்டால் இப்பத்தைய 700 ரயர். பழைய 27 இஞ்சி எண்டால் 630. எட்டு மில்லிமீற்றர்தானே எண்டு நினைச்சால் ஒண்டு மற்றதில ஏறாது. அந்த ரயர் எங்க எடுக்கலாம் எண்டு காசு குடுக்க முதல் கேட்டு வையுங்கோ. மெல்லிய நீட்டு வால்வு எண்டால் ஊர்க்கடைப் பம்ப் கொழுவாது. சின்னப் பித்தளை அடப்டர் ஒண்டை வாங்கிப் பொக்கற்றில போடுங்கோ.