ஏட்டறிவும் ஊரறிவும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழியைக் கல்வியை இகழ்வதற்கே பலரும் எடுத்தாள்வர். ஏட்டிலுள்ளதை அடுக்களைக்குக் கொண்டுவரும் வழியை நாம் அமைக்கவில்லையே என்று வருந்துவோர் சிலரே. பேரிடர்க் காலத்தில் அவ்வழி இல்லாமை உயிர்ச்சேதமாய் முடிகின்றது.

2004 டிசெம்பர் 26 இல் சுமாத்திராக் கரையருகே நிலம் நடுங்கியது. ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் கடந்து ஆழிப்பேரலை நம் கீழ்க்கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்றது. பசிபிக் சமுத்திரத்தைக் கண்காணிக்கும் ஹவாய் நிலையத்தார் கால்மணி அளவில் நடுக்கத்தை அறிந்து அறிவித்தனர். ஆயின் அதன் வலிமையை முதலிற் குறைத்தே மதித்தனர். இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு அன்று இருந்ததில்லை. இலங்கையில் 30,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அதே நாளில், நடுக்கத்தின் மையத்துக்கு மிக அணித்தாயிருந்த சிமலூ தீவில் 70,000 க்கு மேற்பட்ட மக்களுள் இறந்தோர் ஒரு சிலரே. 1907 இல் அங்கு நேர்ந்த கடல்கோளை ‘ஸ்மோங்’ என்னும் ஒரு சொல்லிலே பொதிந்து, பாட்டிலும் கதையிலும் பேணி வந்தனர் அம்மக்கள். நிலம் நடுங்கியதும் குன்றேறினர், பிழைத்தனர்.

அங்ஙனமாயின் முன்னோர் நினைவு ஒன்றே போதுமோ? நமக்குப் போதாது. தொலைவில் எழும் நடுக்கத்தை நம் கால்கள் உணர்வதில்லை. அலைக்கு முன் கடல் உள்வாங்குமென்பதும் எல்லாக் கரைக்கும் பொருந்தும் விதியன்று. உள்வாங்காமலே முதலலை ஏறுவதும் உண்டு. ஆதலின் கருவி தரும் அறிவே நமக்கு முதற்றுணை. ஆயின் கருவி மட்டும் எவரையும் கைபிடித்து அழைத்துச் செல்லாது. வங்காள தேசத்தார் இதனை உணர்ந்தனர். 1970 ஆம் ஆண்டுச் சூறாவளியில் இலட்சக்கணக்கானோரை இழந்தபின், வானிலைச் செய்தியை ஊரூராக ஒலிபெருக்கியுடன் எடுத்துச் செல்லும் தொண்டர் படையை அமைத்தனர், புகலிடங்களும் கட்டினர். 2007 இல் ‘சிடர்’ சூறாவளி தாக்கியபோது இழப்பு சில ஆயிரமாகக் குறைந்தது.

நம் நாட்டிலும் 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது, நிலையமும் தோன்றியது. எனினும் 2025 நவம்பரில் ‘டித்வா’ புயல் 600 க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை, வாராத எச்சரிக்கையே அன்றோ?

பிறரைக் குறைகூறுமுன் என் குறையையும் கூறல் வேண்டும். புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறும் என்று பல்லாண்டு கற்பித்தேன். ‘கடல்கோள்’ என்னும் சொல்லைப் பிரித்துப் பொருளும் உரைத்தேன். கடல் ஊருள் வந்தால் எவ்வழி ஓடுவது என்று ஒரு மாணவனுக்கேனும் உரைத்தேனல்லேன். என் ஏட்டிலும் சுரைக்காய் காய்த்துக்கொண்டுதான் இருந்தது.

செட்டிபாளையத்தின் கிடக்கையை நோக்குக. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே ஒடுங்கிய மணல்நிலம். கடலுக்கு அஞ்சி ஓடுவோனை வாவி மறிக்கும். படுவான்கரை சேரப் பட்டிருப்புப் பாலத்தை நாடல் வேண்டும். முதியோரோடு அங்கு நடந்து சேர எத்துணை நேரமாகும்? நேரமில்லையேல் எந்த மாடியில் ஏறுவது? இவ்வினாக்களுக்கு ஹவாயிலிருந்து விடை வாராது.

வினாக்கொத்தோடு ஊருக்கு வரும் ஆய்வாளர், தம் முடிபை எளிய தமிழில் ஊருக்கே திருப்பித் தருதல் கடன். அதனை வாங்கி வீடுதோறும் சேர்ப்பதற்குப் பாடசாலையினும் தக்க இடம் வேறில்லை. மாணவர் நடைநேரத்தை அளந்து குறிக்கலாம். 1978 நவம்பர் 23 இரவின் சூறாவளியைக் கண்ட முதியோரிடம், வெள்ளம் எங்கு ஏறியது, எக்கட்டடம் நின்றது எனக் கேட்டெழுதிப் பிரதேச செயலகத்துக்கு அளிக்கலாம். ஆண்டுதோறும் வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒருநாள் ஊரோடு சேர்ந்து ஒத்திகை நடத்தலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

1978 இன் இரவைக் கண்ட முதியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். அவர்தம் நினைவு ஏட்டிலும், ஏட்டறிவு ஊரார் நாவிலும் ஏறுதற்கு உரிய காலம் இதுவே. ஆசிரியராகிய நாம் இனியும் தாழ்த்தலாகாது.