விரிசலை மறைப்பதா, திறப்பதா?

வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கார்களின் பின்னால் இழுபட்டுச் செல்லும் வீட்டு வண்டிகளுள், முட்டை வடிவக் கண்ணாடியிழை வண்டிகளுக்கென்று தனி அன்பர் கூட்டம் உண்டு. 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ உருவாக்கிய ‘போலர்’ அவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அச்சில் வார்த்த மேலோட்டையும் கீழோட்டையும் இணைத்த 13 அடிக் கூடு அது. அத்தகைய வண்டிகள் அரை நூற்றாண்டு கடந்தும் ஓடுகின்றன என்றால், அவற்றின் உடலை உடையவரே பழுதுபார்த்துக்கொள்ள முடிவதும் அதற்கொரு காரணம்.

எப்படிப் பழுதுபார்ப்பது என்பதில்தான் நமக்கு மாறுபாடு. விரிசல் கண்டதும் பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடித்துவிடுவோர் பலர். கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் கண்ணாடியிழைப் பலகைக்கு வலுவைத் தருவது அதனுள் தொடர்ந்து ஓடும் இழை. இழை அறுந்த இடத்தில் பட்டி வெறும் நிரப்பி, பாலமாகாது. சாலை அதிர்வில் விரிசல் மீண்டும் வாய்திறக்கும். புகுந்த நீர் உள்ளிருக்கும் மரத்தை அழுகச் செய்யும்.

முறையான வழியோ மனம் ஒப்பாத ஒன்றைக் கேட்கிறது: காயத்தைப் பெரிதாக்கு என்கிறது. உடைந்த விளிம்பைப் பலகையின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனம் 3 மி.மீ. எனில் விரிசலின் ஒவ்வொரு புறமும் 36 மி.மீ. பின்னர் இழைத்துணியை வெவ்வேறு அளவில் வெட்டி, எபாக்ஸிப் பிசினில் நனைத்து, காற்றுக் குமிழின்றி அடுக்கடுக்காகப் படியவைக்க வேண்டும். தேய்க்கையில் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் கட்டாயம். பட்டிக்கும் இடமுண்டு, இறுதியில், மேடுபள்ளம் நிரவ மட்டும்.

பிளாஸ்டிக் பலகையானால் அது எந்த வகை என்று முதலில் அறிய வேண்டும். ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் கரைத்த குழம்பு ஏபிஎஸ் விரிசலோடு ஒன்றிவிடும். பாலிஎதிலீனில் சாதாரணப் பசை எதுவும் நிலைக்காது. உருக்கித்தான் இணைக்க வேண்டும்.

ராபர்ட் பிர்சிக்கின் 1974-ஆம் ஆண்டு நூலான ‘ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ படித்தோர்க்கு ஓரிடம் நினைவுக்கு வரலாம். நண்பரின் விலையுயர்ந்த வண்டியில் கைப்பிடி தளர்கிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டி இடுக்கில் செருகலாம் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமதிப்பாகப் படுகிறது. கதைசொல்லி பார்த்தது உலோகத்தை. நண்பர் பார்த்தது பீர் டப்பாவை. பொருளை அதன் இயல்பால் அறிவதே பழுதுபார்த்தலின் முதற்படி.

பட்டறையில் விட்டால் ஆகாதா எனலாம். ஆகும், சட்டகத்தையும் எரிவாயுக் குழாயையும் தொடும் பழுதுகளை அங்குதான் விடவேண்டும். மற்றவற்றை நாமே செய்வது நல்லது என்பது நம் கட்சி. வண்ணம் காய்ந்தபின் பட்டி வேலையும் இழை வேலையும் ஒன்றுபோலவே தோன்றும். நாளை அவ்வண்டியை வாங்கி, குழந்தைகளோடு மழையில் அதனுள் உறங்கப்போகிறவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. செய்த கைக்கு மட்டுமே தெரியும்.